மெட்டாமெட்டீரியல் சென்சார்: அதிர்வெண் நகர்வை நம்பும் முன்

திரவங்களை அளக்கும் மைக்ரோவேவ் சென்சாரில் மெட்டாமெட்டீரியல் (இழைத்த வடிவத்தால் தனிப் பண்பு பெறும் செயற்கை அமைப்பு) வகையைச் சேர்ந்த பிளவு வளைய ரெசனேட்டர்தான், அதாவது ஓரிடத்தில் வெட்டு விட்ட உலோக வளையம்தான், அதிகம் பயன்படுகிறது. பிசிபி பலகையில் செம்பு வளையத்தை அரித்தெடுத்து சமிக்ஞையைக் கொண்டுசெல்லும் மைக்ரோஸ்ட்ரிப் தடத்தின் அருகே அமைத்தால் போதும். வளையம் ஒத்ததிரும் அதிர்வெண்ணில் தடத்தின் சமிக்ஞை சரிந்து ஒரு பள்ளம் தெரியும். மாதிரியின் விடுதிறன் (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு முனைவாகிறது என்பதன் அளவு) மாறும்போது அந்த ஒத்ததிர்வு அதிர்வெண் நகரும். அந்த நகர்வு மாதிரியால்தான் வந்ததா என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

வெப்பநிலையைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் மிகப் பெரிய தவறு. நீரின் ஒப்புமை விடுதிறன் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 80, 25 டிகிரியில் சுமார் 78.4. அதாவது டிகிரிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு அலகு குறைகிறது. 1 சதவீத எத்தனால் கலந்தாலே அரை அலகு அளவுக்குத்தான் குறையும். டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் தரும் மாற்றமோ ஓர் அலகில் நூற்றில் சில பங்குதான். பத்தில் ஒரு டிகிரி சூடு ஏறினால் அது மறைந்துவிடும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தாத குளுக்கோஸ் சென்சார் முடிவுகளை நம்புவதற்கில்லை. மாதிரிக் கலத்தை ஒட்டி ஒரு தெர்மிஸ்டர் (வெப்பநிலை உணரி) வையுங்கள். அதே பலகையில் தூய நீர் வைத்த இரண்டாவது ரெசனேட்டரை அமைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அளப்பது இன்னும் நல்லது.

அடுத்தது அளவுத்திருத்தம், அதாவது விடுதிறன் தெரிந்த திரவங்களை அளந்து, நகர்வை விடுதிறனாக மாற்றும் வளைகோடு வரைவது. கையேட்டில் எத்தனாலின் விடுதிறன் 24 என்று பார்த்து அப்படியே போடுகிறார்கள். அது தாழ் அதிர்வெண் மதிப்பு. 2.45 கிகாஹெர்ட்ஸில் அது 7-ஐ ஒட்டியே இருக்கும். அந்த அதிர்வெண்ணில் எத்தனால் மூலக்கூறுகள் புலத்துக்கு ஈடுகொடுத்துத் திரும்ப முடிவதில்லை. தவறான மதிப்பில் வரைந்த வளைகோடு எல்லா மாதிரிகளையும் தவறாகவே காட்டும். வளைகோடு நேர்கோடாகவும் இருக்காது. காற்று, எத்தனால், மெத்தனால், நீர் எனக் குறைந்தது நான்கு புள்ளிகள் வேண்டும்.

வளையத்தின் பிளவில்தான் மின்புலம் செறிந்திருக்கும். பிளவின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்றால் புலமும் ஏறத்தாழ அந்த உயரத்திற்குள் வலுவிழந்துவிடும். எனவே திண்ம மாதிரிக்கு அடியில் 0.05 மில்லிமீட்டர் காற்று இடைவெளி இருந்தாலே நகர்வு வெகுவாகக் குறையும். ஒவ்வொரு முறையும் ஒரே எடையை மேலே வைத்து அழுத்துங்கள். திரவத்தை மைக்ரோபிப்பெட்டால் ஒரே அளவு விட்டு, பிளவின் மேல் குமிழி இல்லை என்று பாருங்கள். உப்புக் கரைசல் செம்பை அரிக்கும். மெல்லிய காப்புப் படலம் பூசினால் உணர்திறன் குறையும் என்பதால், படலத்தோடு சேர்த்தே அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்.

சாதாரண பிசிபி பலகையான எஃப்ஆர்4-இன் இழப்புக் கெழு (பலகை விழுங்கும் ஆற்றலின் அளவு) சுமார் 0.02 என்பதால், ரெசனேட்டரின் கியூ மதிப்பு (ஒத்ததிர்வின் கூர்மை) 50-ஐச் சுற்றியே நின்றுவிடும். 2.5 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வுச் சரிவு 50 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு விரியும். எண்ணெய், பிளாஸ்டிக் போன்ற இழப்புக் குறைந்த மாதிரிகளுக்கு ரோஜர்ஸ் ஆர்ஓ4003சி போன்ற இழப்புக் குறைந்த பலகை தேவை. நீரை அளப்பதென்றால் நீரே கியூவைக் கெடுத்துவிடும். விலை கூடிய பலகையால் பெரிய பயன் இல்லை.

ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சமிக்ஞையை அளக்கும் கருவியான நெட்வொர்க் அனலைசரில் 1 கிகாஹெர்ட்ஸ் பரப்பை 201 புள்ளிகளில் அளந்தால் புள்ளிகளுக்கிடையே 5 மெகாஹெர்ட்ஸ். 2 மெகாஹெர்ட்ஸ் நகர்வு அதில் தெரியாது. பரப்பைச் சுருக்கி, புள்ளிகளை 1601 ஆக்கி, சரிவின் அடிப்புள்ளியை மட்டும் பார்க்காமல் முழு வளைகோட்டுக்கும் லோரென்ட்சியன் (ஒத்ததிர்வு வடிவத்தைத் தரும் கணிதச் சார்பு) பொருத்துங்கள். கேபிளை அசைத்தாலோ எஸ்எம்ஏ இணைப்பை (கேபிளைப் பலகையோடு இணைக்கும் திருகு இணைப்பான்) கழற்றி மாட்டினாலோ மறுபடி அளவுத்திருத்தம் செய்யுங்கள்.