மாவட்ட எல்லை தாண்டி மலைக்கு ஒரு பேருந்து கேட்பது எப்படி

பழனி மலைத்தொடரின் மேல்மலை ஊர்களான பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை ஆகியவை திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தாலும், அங்குள்ளவர்களுக்குத் தேனி மாவட்டத்தில் ஆக வேண்டிய காரியங்கள் ஏராளம். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விலைபோகும் வடுகபட்டிச் சந்தை பெரியகுளத்தை அடுத்து இருக்கிறது. மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தால் போக வேண்டிய தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. ஆனால் இதற்காகப் போக்குவரத்துக் கழகத்துக்குப் போகும் மனுக்களில் பெரும்பாலானவை, எங்கள் ஊரிலிருந்து தேனிக்கு நேரடிப் பேருந்து விட வேண்டும் என்ற ஒற்றைக் கோரிக்கையோடு நின்றுவிடுகின்றன. பேருந்தும் பணியாளரும் போதவில்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவதற்கு இதைவிட வசதியான மனு இருக்க முடியாது. ஊராட்சி மன்றமோ, விவசாயிகள் சங்கமோ, ஊர்ப் பொதுமக்களோ திருப்பி அனுப்ப முடியாத மனுவைத் தயாரிப்பதற்கான வழி பின்வருமாறு.

எந்த எல்லையைத் தாண்டுகிறீர்கள்?

பேருந்துக்கு மூன்று விதமான எல்லைகள் உண்டு. மாவட்ட எல்லை, கழகக் கோட்ட (கழகத்தின் நிர்வாகப் பிரிவு) எல்லை, மாநில எல்லை. மூன்றுக்கும் நடைமுறை வேறு வேறு என்பதால், உங்கள் தடம் எதைத் தாண்டுகிறது என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

மாவட்ட எல்லை என்பது பலரும் அஞ்சுகிற அளவுக்குப் பெரிய தடை இல்லை. மதுரையிலிருந்து திண்டுக்கல் 1985இலும் தேனி 1996இலும் பிரிந்தன. ஆனால் 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கி இன்று அரசுப் போக்குவரத்துக் கழக மதுரைக் கோட்டமாக இருக்கும் நிறுவனத்தின் கீழேயே இரண்டு மாவட்டங்களின் பணிமனைகளும் இருக்கின்றன. அதாவது கொடைக்கானல் பணிமனையும் பெரியகுளம் பணிமனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போகும் பேருந்தே காமக்காப்பட்டியில் தேனி மாவட்டத்துக்குள் இறங்கி, காட்ரோடு சந்திப்பில் திரும்பித்தான் மறுபடி திண்டுக்கல் மாவட்டத்துக்குள் நுழைகிறது. சட்டப்படி ஒரு வட்டாரத்தில் வழங்கிய பெர்மிட் அடுத்த வட்டாரத்தில் செல்லுபடியாக அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் மேலொப்பம் வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவு கூறுகிறது. தடத்தின் பெரும்பகுதி எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 69ஆம் பிரிவு. இந்த வேலையைக் கழகம் பார்த்துக்கொள்ளும். மனுவின் நகலை இரண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும் அனுப்பி வைப்பது மட்டுமே நம்முடைய வேலை.

கோட்ட எல்லைதான் உண்மையில் கடினமானது. பழனி மதுரைக் கோட்டத்தில் இருக்கிறது. உடுமலைப்பேட்டையும் திருப்பூரும் கோயம்புத்தூர்க் கோட்டத்தில் இருக்கின்றன. கொடைக்கானலிலிருந்து பழனி வழியாக அந்தப் பக்கம் நீட்டிப்புக் கேட்டால், டீசல் செலவு யாருக்கு, வசூல் யாருக்கு என்ற கேள்வி உடனே எழும். இப்படிப்பட்ட தடத்தில் ஆளுக்கொரு பேருந்து வீதம் இரு கோட்டங்களும் சமமாக இயக்க வேண்டும் என்று கேட்பதே விவேகம், மனுவையும் இரண்டு மேலாண்மை இயக்குநர்களுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். கேரளம் செல்லும் தடங்களுக்கு இரு மாநில அரசுகளின் உடன்பாடு தேவை. அது ஊர் மனுவால் ஆகிற காரியமில்லை, சட்டமன்ற உறுப்பினர் வழியாகப் போக வேண்டியது.

நேரடிப் பேருந்தா, இணைப்பா?

மன்னவனூரிலிருந்து தேனிக்கு ஒரே பேருந்தில் உட்கார்ந்து போகும் ஆசை இயல்பானதுதான். இருந்தாலும், முதல் மனுவிலேயே அதைக் கேட்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மன்னவனூருக்கும் கொடைக்கானலுக்கும் இடையே சுமார் 35 கிலோமீட்டர் வளைவுப் பாதை. அதன் பிறகு மலையிறக்கம். அதன் பிறகுதான் சமவெளி. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை, மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, சாதாரணமாக ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும், ஓய்வையும் சேர்த்துப் பணி 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்றும் சொன்னது. மேல்மலையிலிருந்து தேனி போய்த் திரும்பும் ஒரு நடையிலேயே ஓட்டுநரின் நாள் தீர்ந்துபோகும். அதே பேருந்து அதுவரை செய்துவந்த உள்ளூர் நடைகள் அத்தனையும் அடிபடும். தேனிக்கு ஒரு பேருந்து வாங்கிவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்தைப் பறிகொடுப்பது இப்படித்தான் நேர்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2021இல் நகரப் பேருந்துகளில் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2024இல் மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஊர்ப் பேருந்தைத் தொலைதூரப் பேருந்தாக மாற்றி, கட்டண வகையும் மாறிவிட்டால், அன்றாடம் கொடைக்கானலுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அந்தச் சலுகையை இழக்க நேரிடலாம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது இணைப்பு. மன்னவனூர் முதல் நடை கொடைக்கானல் பேருந்து நிலையத்தை எத்தனை மணிக்கு அடைகிறதோ அதற்குக் கால் மணி நேரம் கழித்துப் பெரியகுளம், தேனி பேருந்து புறப்பட வேண்டும். மேலிருந்து வரும் பேருந்து தாமதமானால் குறிப்பிட்ட சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும் என்று நேரக்காப்பாளருக்கு எழுத்தில் உத்தரவு இருக்க வேண்டும். இதற்குப் புதுப் பேருந்து வேண்டாம், புது ஆள் வேண்டாம், புதுப் பெர்மிட்டும் வேண்டாம். பணிமனைப் பொறுப்பாளரான கிளை மேலாளர் அளவிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டாவதாகக் கேட்க வேண்டியது நீட்டிப்பு: வத்தலக்குண்டோடு நின்று திரும்பும் நடைகளில் ஒன்றைக் காட்ரோட்டில் பெரியகுளம் பக்கம் திருப்பிவிடச் சொல்வது. இணைப்பிலும் நீட்டிப்பிலும் கூட்டம் நிறைகிறது என்று காட்டிய பிறகு நேரடிப் பேருந்தைக் கேட்டால் அதற்கு மறுப்புச் சொல்வது கடினம்.

தலை எண்ணிக்கை

மனுவின் உயிர் இதில் இருக்கிறது. ஆயிரம் கையெழுத்தைவிட நான்கு பக்கக் கணக்கு மதிப்புடையது, ஏனென்றால் கழகம் ஒவ்வொரு நடையையும் கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்ற அளவுகோலால்தான் பார்க்கிறது.

கணக்கெடுக்கச் சரியான இடம் பெருமாள்மலைப் பிரிவு. பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் பிரிகிற இடம் என்பதால் எல்லாத் திசைப் பயணிகளும் கண்ணில் படுவார்கள். அதிகாலையில் இரண்டு பேர் நோட்டோடு நின்றால் போதும். பயணியிடம் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்காமல், இன்று எந்த ஊருக்கு எந்தக் காரியமாகப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டை மஞ்சள் பையில் மடித்து வைத்திருக்கும் பெரியவர் வத்தலக்குண்டு என்றுதான் பயணச்சீட்டு எடுப்பார். அவர் அங்கிருந்து பெரியகுளம், தேனி, க.விலக்கு என்று மூன்று பேருந்து மாறப்போவது நடத்துநரின் இயந்திரத்தில் பதிவாகாது. கழகத்திடம் இல்லாத தகவல் இதுதான், உங்கள் மனு தரக்கூடிய தகவலும் இதுதான். பயணி பெயர் எழுத வேண்டியதில்லை. புறப்பட்ட ஊர், சேர வேண்டிய ஊர், காரியம், திரும்பும் நேரம் என நான்கு பத்தி போதும். ஒரு சந்தை நாள், ஒரு சாதாரண நாள், ஒரு விடுமுறை நாள் என மூன்று வகை நாள்களிலும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் சந்தை நாளை மட்டும் காட்டுகிறீர்கள் என்ற ஆட்சேபம் வரும். பூண்டு மூட்டைகளில் பெரும்பகுதி வேனிலும் லாரியிலும் போய்விடும்; விற்பவர்தான் பேருந்தில் போகிறார் என்பதால் மூட்டையை எண்ணிப் பயணிக் கணக்கை ஊதிக் காட்டக் கூடாது.

கழகத்தின் சொந்தக் கணக்கையும் கேட்டு வாங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, குறிப்பிட்ட தடத்தில் குறிப்பிட்ட மாதத்தில் நடைவாரியான வசூல், ரத்தான நடைகள், ரத்துக்கான காரணம் ஆகியவற்றைக் கேட்டால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ரத்தான நடைகளின் பட்டியல் மிகவும் பயன்படும்: ஓடாத பேருந்தை நம்பி யாரும் காத்திருப்பதில்லை என்பதால், குறைந்த வசூலுக்கான விளக்கம் பெரும்பாலும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

பாதையும் பருவமும்

பெருமாள்மலையிலிருந்து அடுக்கம், கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் சாலை வரைபடத்தில் குறுக்குவழியாகத் தெரியும். குறுகலான, மழைக்காலத்தில் மண் சரிகிற அந்தச் சாலையில் பெரிய பேருந்தைக் கேட்டு மனு எழுதினால், சாலை தகுதியில்லை என்ற ஒரே காரணத்தால் முழு மனுவும் ஒதுக்கப்படும். அடுக்கம் போன்ற ஊர்களுக்குப் பொருத்தமானது மினி பேருந்து. 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பேருந்துத் திட்டம் பேருந்து எட்டாத பகுதிகளை முதன்மையாகக் கொண்டு 25 கிலோமீட்டர் வரை தடம் அனுமதிக்கிறது. அதற்கான மனு கழகத்துக்குப் போவதில்லை, ஆட்சியருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் போக வேண்டும்.

கால அட்டவணையை முன்மொழியும்போது சீசனை மறக்கக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே முதல் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. அரசுப் பேருந்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. காருக்கு வரம்பு இருக்கும் காலத்தில் கீழிருந்து மேலே வரும் பேருந்தில் இருக்கை காலியாக இருக்காது என்பதை மனுவில் எழுதலாம். உள்ளூர்க்காரர் இறங்கும் காலை நடை ஓரளவு நிறைந்தால்கூட, திரும்பும் நடை சுற்றுலாப் பயணிகளால் நிறையும் என்பது வசூல் கணக்குக்கு நல்ல துணை. அதே சீசனில் மலைச்சாலை நெரிசலால் பயண நேரம் கூடுவதால், ஏப்ரல் முதல் ஜூன் வரை தனி நேர அட்டவணை கேட்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலைச்சாலைகளை மரங்களாலும் மண்சரிவாலும் அடைத்ததை அதிகாரிகள் மறந்திருக்க மாட்டார்கள்; சாலை அடைபட்டால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியோ பழனி வழியோ இயக்கலாம் என்ற மாற்று ஏற்பாட்டையும் ஒரு வரியில் சேர்த்துவிடுவது நல்லது.

மனுவை எழுதுதலும் கொடுத்தலும்

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கணக்கு இணைப்பாக இருக்கட்டும். கோரிக்கைப் பத்தி இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வத்தலக்குண்டு வரை இயங்கும் காலை நடையைக் காட்ரோட்டிலிருந்து பெரியகுளம் வழியாகத் தேனி வரை நீட்டித்தும், மேல்மலையிலிருந்து வரும் முதல் பேருந்தின் பயணிகள் அதில் ஏறும் வகையில் கொடைக்கானலில் புறப்படும் நேரத்தை மாற்றியும் மூன்று மாதத்துக்குச் சோதனை முறையில் இயக்கிட வேண்டுகிறோம். புறநோயாளி சீட்டு வழங்கும் நேரத்துக்குள் க.விலக்கை அடையவும், அன்று மாலையே கடைசி மேல்மலைப் பேருந்தைப் பிடிக்கவும் இயலுமாறு நேரம் அமைய வேண்டும். மூன்று நாள் பயணிகள் கணக்கும் கிராம சபைத் தீர்மானமும் இணைக்கப்பட்டுள்ளன."

இதில் திரும்பும் பயணத்தைச் சொல்லியிருப்பதைக் கவனிக்கவும். போகும் நேரத்தை மட்டும் எழுதி, இரவில் கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் முடங்கிக் கிடக்கும் நிலைக்கு நோயாளியை விட்ட மனுக்கள் உண்டு. சோதனை முறை என்ற சொல்லும் முக்கியம். நிரந்தரமாகக் கேட்டால் தயங்குகிற அலுவலர், திரும்பப் பெறக்கூடிய உத்தரவென்றால் கையெழுத்திடுவார்.

தீர்மானத்தை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில் நிறைவேற்றலாம். தடத்தில் வரும் எல்லா ஊராட்சிகளும் ஒரே வாசகத்தில் நிறைவேற்றுவதும், கீழே தேவதானப்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றும் சேர்ந்துகொள்வதும் மனுவுக்கு இரண்டு மாவட்ட முகம் தரும். பிறகு கொடைக்கானல் கிளை மேலாளரை நேரில் பார்த்துப் பேசிவிட்டு, மண்டலப் பொது மேலாளருக்கும் மேலாண்மை இயக்குநருக்கும் பதிவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். கிளை மேலாளரைத் தாண்டி நேராக மேலே போவது வேகமாகத் தோன்றும். கருத்துரை கேட்டு மனு கடைசியில் அவர் மேசைக்கேதான் திரும்பி வரும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் இரு ஆட்சியர் அலுவலகங்களிலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

உத்தரவு வந்து பேருந்து ஓடத் தொடங்கியதும் புதிய நேரத்தைப் பால் சொசைட்டி, ரேஷன் கடை, பள்ளி, தேநீர்க் கடை ஆகியவற்றில் எழுதி ஒட்ட வேண்டும். ஊர் வாட்சாப் குழுவில் போட்டால் மட்டும் போதாது, முதியவர்கள் அதில் இல்லை. சோதனைக் காலம் முழுவதும் யாராவது ஒருவர் நாள்தோறும் பேருந்து வந்த நேரம், ஏறியவர்கள் எண்ணிக்கை, ரத்தான நாள் ஆகியவற்றைக் குறித்து வர வேண்டும். மூன்றாம் மாதம் முடியும் முன்பே அந்தக் குறிப்பின் நகலோடு நிரந்தர உத்தரவுக்கான மனுவைக் கிளை மேலாளரிடம் சேர்த்துவிட வேண்டும். காலம் முடிந்த பிறகு போனால், நின்றுபோன நடையை மீட்கும் வேறொரு மனுவாக அது ஆகிவிடும்.