கேமரன் மலைக்கு ஞாயிறு ஏறுங்கள்

ஊரிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் சொந்தக்காரர்கள் இரட்டைக் கோபுரமும் பத்துமலையும் பார்த்ததும், "மலைப்பக்கம் போகலாமா?" என்பார்கள். கேமரன் மலைக்குத்தான் அனுப்புவேன். ஆனால் சனிக்கிழமை வேண்டாம். பாதி கோலாலம்பூர் அன்று அங்கேதான் இருக்கும். மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங் ஊர்ப் பக்கம் கார் நகராது. ஞாயிறு ஏறி, செவ்வாய் இறங்குங்கள்.

கோலாலம்பூரின் டிபிஎஸ் (TBS) பஸ் நிலையத்திலிருந்து, மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊருக்கு நேரடி பஸ் உண்டு. நாலைந்து மணி நேரம் பிடிக்கும். தாப்பா வழியாகப் போனால் வளைவுகள் குடலைப் புரட்டிவிடும். வயிறு முட்டப் பசியாறாமல், முன் இருக்கை எடுத்து, இஞ்சி மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். என் சித்தப்பா நாசி லெமாக்கை, அதாவது தேங்காய்ப்பால் சோற்றை, ஒரு பிடி பிடித்துவிட்டு ஏறினார். மீதியைச் சொல்ல வேண்டாம்.

தானா ராத்தாவிலேயே தங்குங்கள். தோசை, ரொட்டி சானாய் எல்லாம் நடக்கிற தூரம்; கடையில் தமிழிலேயே கேட்கலாம். சுங்கை பாலாஸில் இருக்கும் 'போ' (BOH) நிறுவனத்தின் தேயிலைத் தோட்டத்தைச் செவ்வாய் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், திங்களன்று பொதுவாக மூடியிருக்கும். அப்புறம், ஒரு ஸ்வெட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம், ராத்திரி குளிரும். பல விடுதிகளில் மின்விசிறிகூடக் கிடையாது, தேவைப்படாது.