சத்தம் போடுவது ஒன்று, ஒழுகுவது இன்னொன்று: பேஸ்மென்டில் குடியேறும் புதியவர்களுக்கு

சமூகக் காப்புறுதி இலக்கத்துக்கு சேவிஸ் கனடாவுக்குப் போங்கள். சுகாதார அட்டைக்கு சேவிஸ் ஒன்ராறியோ. வங்கிக் கணக்கு, கைத்தொலைபேசி, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பிரெஸ்டோ அட்டை எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே யாராவது ஒரு மச்சான் காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் செய்து தந்துவிடுவார். அவற்றைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. எந்த மச்சானும் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நீங்கள் குடியேறப்போகும் பேஸ்மென்டில், அதாவது நிலக்கீழ்த் தளத்தில், நடுச்சாமத்தில், ஒருவரும் உள்ளே போகாத மலசலகூடம் தானாகவே தண்ணீர் பிடிக்கும். இருபது விநாடி சீறிவிட்டு அடங்கும். சில நிமிடம் கழித்து மறுபடி சீறும்.

அந்தச் சத்தத்துக்கு நான் கொடுத்த விலை 495 டொலர். கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

நமக்கு இது ஏன் உறைப்பதில்லை என்றால், ஊரில் தண்ணீர்ச் சத்தம் நல்ல சத்தம். மேல்தாங்கி நிரம்பி வழியத் தொடங்கினால் அம்மம்மா குசினிக்குள் இருந்தபடியே “மோட்டரை நிறுத்து” என்று குரல் கொடுப்பார். வழிந்தது வாழைக்குப் போகும். கிணற்றிலிருந்து வந்த தண்ணீர் நிலத்துக்கே திரும்பிவிட்டது, மின்சாரக் காசு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ரொறன்ரோவில் ஓடுவது ஒன்ராறியோ ஏரியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து, மீற்றர் வழியாக வீட்டுக்குள் வந்த தண்ணீர். ஒரு கனமீற்றருக்கு, அதாவது 1,000 லீற்றருக்கு, நாலு டொலருக்கு மேல் விலை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் அந்த விலைக்குள்தான் அடக்கம். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஒழுகினால் நாளொன்றுக்கு 1,440 லீற்றர். நாலு மாதத்தில் 170 கனமீற்றரைத் தாண்டும். நாலு டொலர்தான் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 700 டொலர். நாலு மாதம் என்று கணக்குப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வீடுகளுக்குத் தண்ணீர் பில் வருடத்துக்கு மூன்று முறைதான் வரும். ஒழுக்குத் தொடங்கிய செய்தி உங்களுக்கு வந்து சேரும்போது காசு ஏற்கெனவே கழிவுக் குழாயில் போய்விட்டிருக்கும்.

கொமட்டின் பின்தாங்கி மூடியைத் தூக்கிப் பாருங்கள். அருவருக்க வேண்டாம், அதற்குள் இருப்பது குழாய்த் தண்ணீர்தான். மூடியைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். நிலத்தில் துவாயை விரித்துப் படுக்க வையுங்கள். அது பீங்கான். உடைந்தால் அதே அளவில் இன்னொன்று தேடி அலைய வேண்டும்.

உள்ளே கவனிக்க வேண்டியவை மூன்று. பெரும்பாலும் இடப்பக்கம், மிதவையோடு நிமிர்ந்து நிற்பது தண்ணீர் நிரப்பும் வால்வு. நடுவில் வாய் திறந்து நிற்கும் குழாய் வழிவதற்கானது. அளவு மீறிய தண்ணீர் அதற்குள் விழுந்து சத்தமில்லாமல் கொமட் கோப்பைக்குப் போய்விடும். அதன் அடியில், சங்கிலியில் தொங்கிக்கொண்டு துவாரத்தை அடைத்திருக்கும் றப்பர் மூடிதான் ஃபிளாப்பர். கைபிடியை அழுத்தும்போது சங்கிலி இதைத் தூக்குகிறது. தண்ணீர் இறங்கியதும் இது மறுபடி விழுந்து அடைக்கிறது.

நான் விழுந்த குழி இனித்தான் வருகிறது.

சத்தம் நிரப்பும் வால்விலிருந்துதான் வரும். காது வைத்துக் கேட்டாலும் அங்கிருந்துதான் வரும். எனவே அதுதான் பழுது என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கடைக்குப் போய் 24 டொலருக்குப் புது வால்வு வாங்கினேன். காணொளி பார்த்து, பழையதைக் கழற்றி, புதியதைப் பூட்டி, ஒரு சொட்டும் வெளியே கசியாமல் முடித்தபோது எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது. ஊரில் சைக்கிள் ரியூப் ஒட்டியதற்குப் பிறகு நான் கையால் திருத்திய முதல் பொருள் அதுதான். ஊருக்குப் படம்கூட அனுப்பினேன்.

அன்றிரவு சீறல் நிற்கவில்லை. முன்பு சில நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது, இப்போது ஓயாமல் வந்தது.

இரண்டு இரவு தூங்காமல் கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளம்பரை அழைத்தேன். ஞாயிறு என்பதால் கூலி 210 டொலர். வந்தவர் வயதான போர்த்துக்கேயர். கருவிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தார், சிரித்தார். நிரப்பும் வால்விலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழிவுக் குழாயின் வாய்க்குப் போகும். கோப்பைக்குள் தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்வதற்காக அது அங்கே ஊற்றுகிறது. அதன் நுனி வாயில் கொளுவியபடி, தாங்கித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். நான் அது வெளியே தெறிக்கக் கூடாது என்று ஒரு சாண் ஆழத்துக்கு உள்ளே தள்ளிவிட்டிருந்தேன். நுனி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போனால் அது தாங்கியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி ஓயாமல் கோப்பைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு விரலால் வெளியே இழுத்து, கொளுக்கியில் மாட்டினார். ஓயாத சீறல் நின்றது.

பிறகு அவர் செய்ததுதான் பாடம். தாங்கி நிரம்பும்வரை காத்திருந்தார். தும்புத்தடியின் பிடியால் றப்பர் மூடியை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோப்பைக்குள் பார்க்கச் சொன்னார். பின்சுவரில் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது. தடியை எடுத்தார், மறுபடி இறங்கியது. கையை உள்ளே விட்டு மூடியைத் தடவி விரல்களைக் காட்டினார். மை பூசியது போலக் கறுப்பு. றப்பர் கரைந்துகொண்டிருக்கிறது. நாலு மாதமாக ஒழுகியது அதுதான். தாங்கி குறையக் குறைய, பாவம் அந்த வால்வு, தன் கடமையைச் செய்து நிரப்பிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் குற்றவாளி என்று கழற்றிக் குப்பையில் போட்டேன்.

றப்பர் ஏன் கரைந்தது என்று கேட்டேன். தாங்கியின் அடியில் கிடந்த நீல மாத்திரையைச் சுட்டிக்காட்டினார். வாசனைக்கும் சுத்தத்துக்கும் என்று தாங்கிக்குள் போடுவார்களே, அதுதான். நான்தான் போட்டேன். வீட்டுக்கு விருந்தினர் வரும்போது தண்ணீர் நீலமாக இருந்தால் அழகு என்று நினைத்தேன். குளோரின் கலந்த அந்த மாத்திரைகள் றப்பரை அரித்துவிடும். போடாதீர்கள். வாசனை வேண்டுமென்றால் கோப்பை விளிம்பில் தொங்கவிடுவதை வாங்குங்கள்.

றப்பரை நீயே வாங்கிப் போடு, பத்து டொலர்தான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதிலும் தவறினேன். ஃபிளாப்பர் 2 அங்குலத்திலும் இருக்கிறது, 3 அங்குலத்திலும் இருக்கிறது. மூடியை அளக்காதீர்கள், அது அடைக்கும் துவாரத்தை அளவுகோலால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பழையதை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. நான் கண்மதிப்பில் 2 அங்குலம் வாங்கி, மறுபடி போய் 3 அங்குலம் வாங்கினேன். இரண்டுக்கும் 21 டொலர். மாட்டும்போது சங்கிலியில் ஒரு விரலகலத்துக்கும் குறைவான தளர்வு விடுங்கள். இறுக்கமாக இருந்தால் மூடி முழுதாக உட்காராது. நீளமாக இருந்தால் சங்கிலியே மூடிக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். புதிய றப்பர் உட்காரும் விளிம்பில் படிந்திருக்கும் உப்பையும் துடைத்துவிடுங்கள்.

நீங்கள் என்னைப் போல வால்வைக் கழற்றப் போகாமல், முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கொமட்டுக்குக் கீழே சுவரோரம் இருக்கும் சிறிய குழாய்த் திருகை மூடுங்கள். பல வருடம் தொடாத திருகு இறுகியிருந்தால் பலம் கொடுக்காதீர்கள், உடைந்தால் பேஸ்மென்ட் குளமாகும். தாங்கியின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். ஒரு மணி நேரம் யாரும் பயன்படுத்தக் கூடாது. திரும்பி வந்து பார்க்கும்போது மட்டம் இறங்கியிருந்தால் பெரும்பாலும் றப்பர் மூடிதான். இறங்காமல் இருந்தால்தான் வால்வைச் சந்தேகிக்கலாம். கேசரிப் பவுடரோ கேக்குக்குப் போடும் நிறமோ வீட்டில் இருந்தால் இன்னும் சுலபம். தாங்கிக்குள் சில துளி விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கைபிடியை அழுத்தாமலே கோப்பைக்குள் நிறம் வந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. மஞ்சள் தூள் போடாதீர்கள், கறை போகாது.

மட்டம் வழிவுக் குழாயின் வாயைத் தொட்டு உள்ளே வழிந்துகொண்டிருந்தால் வால்வு அடைபடவில்லை, அல்லது மிதவை உயரமாக வைக்கப்பட்டிருக்கிறது. மிதவையைத் தாழ்த்தி, வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள்.

மற்றச் சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரம்பும்போது கப்பல் சங்கு போல ஊளையிட்டால் நிரப்பும் வால்வுக்குள் இருக்கும் றப்பர் தேய்ந்துவிட்டது. அப்போது அந்த 24 டொலரைத் தாராளமாகச் செலவழியுங்கள். நிரம்பி முடியும் கணத்தில் சுவருக்குள் ‘டொம்’ என்று இடித்தால், ஓடிவந்த தண்ணீர் சட்டென்று நிறுத்தப்பட்டுக் குழாயை உதைக்கிறது. கீழ்த் திருகைக் கொஞ்சம் மூடிப் பார்க்கலாம், மற்றது வீட்டுக்காரரின் வேலை. மேல்வீட்டில் குளிக்கும்போது உங்கள் கொமட் ‘களக் களக்’ என்று கொப்பளித்தால் அது தாங்கிக் கதையே அல்ல. கூரைக்குப் போகும் காற்றுக் குழாயின் வாயில் கடுங்குளிரில் உறைபனி அடைத்திருக்கலாம், அல்லது பிரதான கழிவுக் குழாய் அடைபடுகிறது. நிலத்தில் இருக்கும் வடிகாலிலும் தண்ணீர் எட்டிப் பார்த்தால் மேல்வீட்டாரைத் தண்ணீர் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள், நகரசபைக்கு 311 அழையுங்கள்.

நாம் எல்லோரும் வந்த முதல் மாதமே கொமட்டுக்குப் பக்கத்தில் பூட்டுகிற, கழுவுவதற்கான மெல்லிய குழாயும் சத்தத்துக்கு ஒரு காரணம். அதன் இணைப்பில் ஒரு சிறிய திருகு இருக்கும். பயன்படுத்தி முடித்தபின் ஒவ்வொரு முறையும் அதை மூடுங்கள். பாதி திறந்திருந்தால் கீச்சிடும். முழுதாகத் திறந்தபடி வேலைக்குப் போனால் அந்த மெல்லிய குழாய் நாள் முழுவதும் அழுத்தத்தில் நிற்கிறது. என்றாவது வெடிக்கும்.

இனி 495 டொலர் கணக்கு. வால்வு 24, பிளம்பர் 210, றப்பர்கள் 21. மீதி 240 எங்கிருந்து வந்தது? ஏப்ரலில் வந்த பில் வழக்கத்தைவிட 600 டொலர் அதிகம். என் பங்கு 40 வீதம்.

அந்த 40 வீதத்தை நான் வாயால் ஒப்புக்கொண்டவன். வீட்டுக்காரர் பக்கத்து ஊர்க்காரர், அப்பாவைத் தெரிந்தவர், அவரிடம் போய்க் காகிதம் கேட்பதா என்று கூச்சம். டிசம்பரிலேயே படிக்கட்டில் நின்று “அண்ணை, மலசலகூடத்தில் ஏதோ சத்தம்” என்று சொன்னேன். “பார்ப்போம் தம்பி” என்றார். ஏப்ரலில் “நீர் எனக்குச் சொல்லவே இல்லையே” என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, மறந்திருப்பார். நீல மாத்திரை என்னுடையது என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். ஒன்ராறியோவில் 2018 ஏப்ரல் 30 முதல் வாடகைக்கு ஒரு நிலையான குத்தகைப் படிவம் இருக்கிறது. மின்சாரம், வெப்பம், தண்ணீர் யார் பொறுப்பு என்று அதில் எழுத இடம் இருக்கிறது. வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. சத்தம் கேட்ட அன்றே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். “அண்ணை, வணக்கம்” என்று தொடங்கினால் மரியாதையும் குறையாது, திகதியும் பதிவாகிவிடும். பேஸ்மென்டில் இருப்பதில் ஒரு வசதி, தண்ணீர் மீற்றர் பெரும்பாலும் உங்கள் பக்கத்தில்தான் இருக்கும். இரவு எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது ஒரு படம், காலையில் ஒரு படம். இலக்கம் நகர்ந்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

போன மாதம், வந்து ஆறு கிழமையான ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அப்பால் இருபது விநாடி சீறல். தங்கச்சி சிரித்துக்கொண்டு, “இரவில் அது கேட்டால் ஊரில் தாங்கி நிரம்புகிற மாதிரி இருக்கிறது அண்ணா” என்றார். தண்ணீர் பில்லில் உங்களுக்கு எத்தனை வீதம் என்று கேட்டேன்.

“ஐம்பது.”

தேநீரை வைத்துவிட்டு, வீட்டில் பென்சில் இருக்கிறதா என்று கேட்டேன்.