கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்கு

நம் பக்கத்திலிருந்து போக புதுச்சேரிதான் வசதி. ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக ரோடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடல் கலங்கிக் கிடக்கும், அப்போது வேண்டாம். சளி பிடித்திருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

முதல் தடவை என்றால் பயிற்சியாளர் கூடவே வருவார், 12 மீட்டருக்கு மேல் இறக்கமாட்டார். ஆனால் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், அதனால் இறங்க ஆரம்பித்ததுமே, காது வலிக்கும்வரை காத்திருக்காமல், மாஸ்க்கோடு சேர்த்து மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள், காதுக்குள் 'பொட்' என்று அடைப்பு விடும். விடவில்லையென்றால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி ஊதுங்கள், முக்கி ஊதக் கூடாது. அப்புறம், மூச்சை எக்காரணம் கொண்டும் அடக்காதீர்கள். கிணற்றில் மூச்சுப் பிடித்து முங்கி வளர்ந்த நமக்கு அது தானாக வரும், ஆனால் மேலே ஏறும்போது நுரையீரலில் உள்ள காற்று விரியும், அடக்கினால் நுரையீரலே கிழியலாம்.

ஓசூர்க்காரர்கள் அன்றைக்கே வீடு திரும்பாதீர்கள். ஓசூர் 850 மீட்டருக்கு மேல் உயரம், அங்கே காற்றழுத்தம் குறைவு. டைவின்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்கு முன் ஏறினால் அது உடம்புக்குள் குமிழியாகிவிடலாம், அதனால் நேரம் வேண்டும். டைவ் முடித்து விமானம் ஏறக் காத்திருக்கச் சொல்லும் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18.