சுருதி விலகாத ரெக்கார்டு பிளேயர் வாங்க

எங்கள் அப்பா குத்தாலத்தில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் விடிகாலையில் குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு முதலில் நாயனத் தட்டைத்தான் வைப்பார். அவர் விட்டுப்போன இரண்டு டிரங்குப் பெட்டி ரெக்கார்டுகளை வீட்டில் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்றுதான் நான் பிளேயர் தேட ஆரம்பித்தேன். 20,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய்க்குள் வாங்க நினைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டது உதவும்.

முதலில் வந்தது அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த பழைய பிளேயர். நல்ல கனம், பார்க்கவும் அழகு. அங்கே 120 வோல்ட் என்பதால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். தட்டு சுற்றியது, நாயனமும் வந்தது. கேட்க ஏதோ சோர்வாக இருந்தது, என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. எதிர்வீட்டுத் தவில்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் கேட்டார். “என்ன தம்பி, ரெண்டரைக் கட்டை நாயனம் ஒரு கட்டையில ஊதுது?” என்றார். சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் சொன்னபடியே சுருதி அவ்வளவு இறங்கித்தான் இருந்தது.

கோளாறு கரண்டில். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி (ஹெர்ட்ஸ்), அமெரிக்காவில் 60. பழைய பிளேயர்கள் பலவற்றில் மோட்டார் அந்தச் சுழற்சியைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், சுழற்சியை மாற்றாது. நிமிடத்துக்கு 33 1/3 சுற்று சுற்றவேண்டிய தட்டு 28-ஐக்கூடத் தொடாது. வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால், சாதாரண காந்தாரத்துக்கும் (க) சட்ஜத்துக்கும் (ச) உள்ள தூரம் அப்படியே சுருதி இறங்கிவிடும். ஆகவே வெளிநாட்டுப் பழைய பிளேயரை யாராவது ஆசையாகக் கொடுத்தாலும், பின்பக்கம் 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிசி அடாப்டரில் ஓடும் புது பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அன்றிலிருந்து பிளேயர் பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது சுருதி நிற்கிறதா என்பதைத்தான். வாத்தியங்கள் நிறைந்த சினிமாப் பாட்டில் வேகம் லேசாக அலைந்தால் காது விட்டுவிடும். நம் கச்சேரியில் அடியில் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கிறது, நாயனத்தில் ஒத்து (சுருதிக்கென்றே ஊதும் குழல்) விடாமல் ஊதுகிறது. ஒரே ஸ்வரத்தில் நிற்கும் நீண்ட கார்வையில் ஒரு மயிரிழை ஆடினாலும் தெரிந்துவிடும்.

சோதிப்பது சுலபம். உங்கள் வீட்டு எல்பி (பெரிய தட்டு) ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தம்புரா தனியாகக் கேட்கும் இடத்தில் முள்ளை வைத்து, செல்போனில் இருக்கும் தம்புரா ஆப்பை அதே சுருதிக்குச் சேர்த்து, இரண்டையும் ஒரு நிமிடம் சேர்ந்து ஓடவிடுங்கள். நல்ல பிளேயரில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மொத்தமாகக் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருந்தால் பல பிளேயர்களில் வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வந்தால்தான் கவலை. அப்போதும் உடனே பிளேயரைக் குறை சொல்லவேண்டாம். அந்த ஆட்டம் 1.8 நொடிக்கு ஒரு தரம், அதாவது சுற்றுக்கு ஒரு தரம் வந்தால், தட்டின் நடு ஓட்டையே விலகியிருக்கலாம். அதனால் இரண்டு தட்டாவது கொண்டுபோங்கள்.

அடுத்து, உங்கள் பெட்டியில் என்ன தட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எல்பி 33 1/3, சினிமாப் பாட்டுச் சின்னத் தட்டுகள் பெரும்பாலும் 45. இவை மட்டும் என்றால், வேகத்தைப் பொறுத்தவரை எந்தப் பிளேயரும் போதும். ரேகா பிளானர் 1 இந்த இரண்டு வேகத்தோடு நிற்கிறது, வேகம் மாற்ற மேல்தட்டைத் தூக்கி பெல்ட்டை இடம் மாற்றவேண்டும். எங்கள் பெட்டியில் அரக்குத் தட்டுகளும் (அரக்கில் செய்த பழைய 78 வேகத் தட்டுகள்) இருந்தன. நாயன வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தவர். அவர் காலத்து நாயனத்தைக் கேட்க 78 வேகம் வேண்டும். அதற்காகவே ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ் வாங்கினேன். மூன்று வேகமும் உண்டு, பெல்ட் இல்லாத நேரடி மோட்டார், வேகத்தை ஏற்றி இறக்கத் தனிக் கட்டை உண்டு. 78-க்கு முள்ளும் வேறு. அரக்குத் தட்டின் பள்ளம் அகலம், எல்பி முள் அதன் அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். இந்தப் பிளேயரோடு வரும் விஎம்95ஈ கார்ட்ரிட்ஜில் (முள்ளைத் தாங்கும் தலை) முள்ளை மட்டும் கழற்றி 78-க்கான தடித்த முள்ளைச் சொருகிக்கொள்ளலாம். அந்த முள் தட்டை அழுத்தவேண்டிய பாரம் வேறு, மாற்றும்போது அதையும் மாற்றவேண்டும்.

பாரம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். முள்ளைத் தாங்கும் கையின் பின்புறம் திருகுகிற எடைக்கட்டை இல்லாத பெட்டி பிளேயர்களை நான் தொடமாட்டேன். சூட்கேஸ் மாதிரி வரும் மலிவுப் பிளேயர்கள் பலவற்றில் முள் 5 கிராம் பாரத்தோடு தட்டில் இறங்குகிறது. விஎம்95ஈ முள்ளுக்கு 2 கிராம் போதும். மறுபடி கிடைக்காத தட்டுகளை வைத்திருப்பவர்கள் இதில் பணத்தைப் பார்க்காதீர்கள்.

ஆம்ப்ளிஃபயரில் போனோ என்று தனிச் சாக்கெட் இருந்தால் நேராகச் சொருகலாம். இல்லையென்றால் பிளேயருக்குள்ளேயே பிரீஆம்ப் (முள்ளிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை ஏற்றிக்கொடுப்பது) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் வைக்கும் இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். ஊஞ்சல் உத்திரம் ஏறியிருக்கும் சுவரிலேயே பலகை அடித்து வைத்தேன். யாராவது ஆடினால் ஸ்பீக்கரில் அடித்தொண்டை உறுமல் வந்தது. இப்போது எதிர்மூலையில், தரையிலிருந்து எழுப்பிய கடப்பைக்கல் மேல் இருக்கிறது. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி மட்டம் பார்த்தேன். ஸ்பீக்கர்கள் அதே கல்லில் இல்லை.

ஐப்பசி மழையில் தட்டில் பூஞ்சை பூக்கும். டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த மெல்லிய துணியால் பள்ளம் போகிற போக்கிலேயே துடையுங்கள். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் மாற்று முள் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். சில நூறு மணி நேரத்தில் முள் தேய்ந்துவிடும், தேய்ந்த முள் தட்டைச் செதுக்கும். நான் முள் மாற்றிய தேதியைப் பிளேயரின் அடியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா தன் பிளேயரிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்.