நெல்லைச் சீமையில் மார்க்சியம் பயில்வது எப்படி: வாசிப்பு வட்டம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மார்க்சியத்தைப் பயில வேண்டும் என்ற ஆர்வத்தோடு ‘மூலதனம்’ நூலை வாங்குவோரில் பலர், சரக்கைப் பற்றிய முதல் அத்தியாயத்தைத் தாண்டுவதற்குள் களைத்துப்போய் நூலை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அந்த அத்தியாயமே நூலில் மிகக் கடினமானது என்று மார்க்ஸ் 1867ஆம் ஆண்டு முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். அதே ஆண்டு நவம்பரில் நண்பர் குகல்மனுக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய மனைவி முதலில் படிக்கத்தக்கவை என்று வேலைநாள், இயந்திரத் தொழில், ஆதித் திரட்டல் (முதலாளித்துவத்தின் தொடக்கத்தில் மூலதனம் சேர்ந்த வரலாறு) முதலிய பகுதிகளைக் குறிப்பிட்டார். நூலாசிரியரே வேறு வாசல் வழியாக நுழையலாம் என்று சொல்லியிருக்கும்போது, நாம் முதல் பக்கத்திலேயே முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

நம் பகுதிக்குப் பொருத்தமான வாசல் எது? மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார்கள். அவர்களுக்கான கூலி மணிக்கணக்கில் இல்லை, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது. இந்தத் துண்டுக்கூலி முறையைப் பற்றி மார்க்ஸ் ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். ஆங்கிலப் பதிப்பின் வரிசையில் அது 21ஆவது, ஜெர்மன் பதிப்பில் 19ஆவது. தியாகுவின் தமிழ் மொழிபெயர்ப்பை வைத்திருப்போர் அத்தியாய எண்ணை நம்பாமல் தலைப்பைக் கொண்டு தேடுவது நல்லது. சில பக்கங்களே கொண்ட அந்த அத்தியாயத்திலிருந்துதான் நெல்லையில் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வட்டத்தைக் கூட்டுதல்

எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் இருவர் பேச மற்றவர்கள் கேட்கும் கூட்டமாக அது மாறிவிடும். கல்லூரி மாணவர்கள் மட்டும் கூடினால் விவாதம் சொற்களோடு நின்றுவிடும். தொழிற்சங்கத்தில் நெடுநாள் இருப்பவர்கள் மட்டும் கூடினால் தெரிந்த முடிவுகளையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பீடி சுற்றும் பெண்கள், உணவு கொண்டு செல்லும் இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள், ஆசிரியர்கள் என்று கலந்து அமைவதே நல்லது.

இடத்தைத் தேர்வதில் மிகுந்த கவனம் வேண்டும். நம் ஊர்களில் எந்தத் தெருவில் கூடுகிறோம் என்பதே யார் வருவார்கள், யார் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. முதல் சில அமர்வுகளை நூலகத்திலோ தொழிற்சங்க அலுவலகத்திலோ நடத்துங்கள். பின்பு ஒவ்வொருவர் வீட்டிலும் முறை வைத்துக் கூடி, அந்த வீட்டிலேயே எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். ஒருவர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கும் உறுப்பினர் இருந்தால், அந்தத் தயக்கத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டு வர்க்க ஒற்றுமையைப் பற்றிப் படிப்பதில் பயனில்லை.

பீடி சுற்றுவோருக்கு இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அன்றைய கூலியில் ஒரு பகுதியை இழப்பதாகும். ஆகவே அவர்கள் பீடி சுற்றும் சுளகோடு (முறத்தோடு) வரட்டும். கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில், பீடிப் பட்டறைகளில் ஒருவர் நாளிதழையும் நூல்களையும் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்கும் வழக்கம் இருந்தது. அப்படிக் கேட்டு வளர்ந்த தலைமுறையே அங்கே வலுவான சங்கங்களை உருவாக்கியது. உரக்கப் படிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியம் புரியாமல் சிக்கிக் கிடந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும், காது போகவிடாது. அத்தகைய வாக்கியம் வரும்போது நிறுத்தி, படித்தவர் அதைத் தம் பேச்சுவழக்கில் சொல்லட்டும், மற்றவர்கள் திருத்தட்டும். ஓர் அமர்வுக்கு ஐந்து, ஆறு பக்கங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் அமர்வு: ஆயிரம் பீடியின் கணக்கு

நூலைத் திறப்பதற்கு முன் வேலையைப் பாருங்கள். கடையில் எடைபோட்டுக் கொடுத்த இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, பதம் வந்ததும் தகட்டு அச்சை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டி, நரம்பைச் சீவி, புகையிலைத் தூளைப் பரப்பி, விரல்களுக்கிடையே உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை நகத்தால் மடக்கி முடிக்கிறார் அந்தப் பெண். பிறகு கட்டுக்கட்டாக அடுக்கிக் கடைக்குக் கொண்டு போகிறார். அங்கே சோதிப்பவர் சில பீடிகளைச் சரியில்லை என்று ஒதுக்குகிறார். ஒதுக்கியவற்றுக்குக் கூலி இல்லை. கொடுத்த இலை மட்டமாக இருந்து ஆயிரம் பீடி தேறாவிட்டால், குறையும் இலையை அவரே காசு கொடுத்து வெளியில் வாங்கி ஈடுகட்ட வேண்டும்.

இதைக் கண்ட பிறகு துண்டுக்கூலி அத்தியாயத்தைப் படித்தால், ஒவ்வொரு பத்தியும் தெளிவாக விளங்கும். தரத்தைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைப்பதற்குத் துண்டுக்கூலி இடம் தருகிறது, மேற்பார்வையாளரின் தேவையைப் பெரும்பாலும் இல்லாமல் ஆக்குகிறது, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே துணை ஒப்பந்தக்காரர்கள் நுழைய வழிசெய்கிறது, தன் வேலைநேரத்தைத் தானே நீட்டிக்கொள்ளுமாறு தொழிலாளியைத் தூண்டுகிறது என்று மார்க்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்காட்டுகிறார். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை வைத்து எழுதப்பட்ட ஆய்வு முக்கூடல் திண்ணைக்கு எப்படிப் பொருந்துகிறது என்று உறுப்பினர்களைக் கேளுங்கள். ஆட்களும் ஊர்களும் வேறானாலும் உற்பத்தி உறவு ஒன்றே என்ற விடைக்கு அவர்களே வந்து சேர வேண்டும். மக்கள் உற்பத்தி செய்யும் முறையும் அதில் எழும் உறவுகளுமே சமூக வரலாற்றுக்கு அடிப்படை என்று சொல்லும் வரலாற்றுப் பொருள்முதல்வாதம் என்ற பெரிய சொல்லை அதன் பின்பு அறிமுகப்படுத்தினால் போதும்.

அடுத்து உபரி மதிப்பை, அதாவது தொழிலாளியின் உழைப்பு புதிதாக உருவாக்கும் மதிப்பில் கூலி போக முதலாளியிடம் சேர்வதை, கணக்கிடுங்கள். ஆயிரம் பீடிக்கான கூலி, அவற்றுக்கான இலை, தூள், நூல் ஆகியவற்றின் விலை, கடையில் ஒரு கட்டு விற்கும் விலை ஆகிய மூன்றையும் உறுப்பினர்களே விசாரித்துத் தாளில் எழுதட்டும். இங்கே அவசரப்படக் கூடாது. விற்பனை விலையிலிருந்து கூலியைக் கழித்தால் வருவது முழுவதும் உபரி என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் தவறு. மூலப்பொருள்கள் தம் மதிப்பை அப்படியே சரக்குக்கு மாற்றித் தருகின்றன; வரி, போக்குவரத்து, சில்லறை வியாபாரியின் பங்கு ஆகியவையும் அந்த விலைக்குள் அடங்கும். இவற்றையெல்லாம் பிரித்த பிறகு எஞ்சுவதைத்தான் கூலியோடு ஒப்பிட வேண்டும். கணக்கு முழுமையடையாமல் போகலாம். ஆனால் எதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அந்த விவரம் யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வியே அடுத்த அமர்வுக்குப் பொருளாகும்.

இன்னொரு கணக்கையும் தவறவிட வேண்டாம். திண்ணை, விளக்கு, கத்தரி, சுளகு, குறைந்த இலைக்கான காசு ஆகிய எல்லாம் தொழிலாளியின் செலவு. முதலாளி போட வேண்டிய மூலதனத்தின் ஒரு பகுதி இவ்வாறு தொழிலாளியின் தலையில் ஏற்றப்படுகிறது. வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் செயலி வழியாக உணவு கொண்டு செல்லும் இளைஞர் இதைக் கேட்கும்போது, தம் வண்டி, தம் பெட்ரோல், தம் கைப்பேசி, ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்ற தம் கூலி ஆகியவற்றைத் தாமே அந்தப் பட்டியலுக்கு எதிரே எழுதிக்கொள்வார். மார்க்சியம் இன்றைக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு எவற்றைப் படிப்பது

துண்டுக்கூலிக்குப் பின் வேலைநாள் அத்தியாயம், அடுத்து 1849இல் கட்டுரைகளாக வெளிவந்த ‘கூலியுழைப்பும் மூலதனமும்’, அதன்பின் 1848ஆம் ஆண்டின் ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’ என்ற வரிசை நன்றாக இருக்கும். பலர் அறிக்கையிலிருந்து தொடங்குகிறார்கள். அதன் நடை உணர்ச்சியூட்டக்கூடியது என்பதாலேயே அதைச் சற்றுத் தள்ளி வைக்கலாம் என்பேன். கூலியின் கணக்கை அறிந்த பிறகு அதே வரிகள் முழக்கமாக மட்டும் நின்றுவிடாமல் முடிவுகளாக விளங்கும். பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் 1931லேயே அறிக்கையைத் தமிழில் வெளியிட்டது என்ற செய்தியை இளையோருக்குச் சொல்லுங்கள். தத்துவத்துக்கு எங்கெல்ஸின் ‘கற்பனாவாத சோஷலிசமும் விஞ்ஞான சோஷலிசமும்’ போதுமானது. மாஸ்கோவில் அச்சான பழைய தமிழ்ப் பதிப்புகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன, கேட்டால் கிடைக்கும்.

புரட்சி என்ற சொல்லை வட்டம் தெளிவாக வரையறுத்துக்கொள்ள வேண்டும். கூலியை உயர்த்தக் கேட்பது சீர்திருத்தம். உற்பத்திச் சாதனங்கள் யாருடையவை என்று கேட்டு அந்த உடைமை உறவையே மாற்ற முனைவது புரட்சி. முன்னதை விட்டுவிட்டுப் பின்னதற்குத் தாவ முடியாது என்பதையும், முன்னதோடு நின்றுவிட்டால் பின்னது தானாக வந்துவிடாது என்பதையும் மார்க்சியச் சிந்தனையாளரும் புரட்சியாளருமான ரோசா லக்சம்பர்க் தம் ‘சீர்திருத்தமா புரட்சியா’ நூலில் வாதிடுகிறார்.

இதை நம் வரலாற்றில் வைத்துப் பாருங்கள். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த தூத்துக்குடியில், 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் கூலி உயர்வுக்கு இணங்கியது. அது சீர்திருத்த வெற்றி. ஆனால் மார்ச் 12 அன்று தலைவர்கள் கைதானதும், மறுநாள் நெல்லை நகரமே கொதித்தெழுந்ததும், துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்ததும், கூலிக் கேள்விக்குப் பின்னால் அரசு யாருடையது என்ற கேள்வி நின்றுகொண்டிருந்ததை வெளிப்படுத்தின. ரஷ்யப் புரட்சிக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி இது.

நெல்லை மாவட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள மாஞ்சோலையை அடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கியது தொழிலாளர்களின் உழைப்பு. கூலி உயர்வையும், போராட்டத்தில் கைதாகிச் சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலையையும் கோரி 1999 ஜூலை 23 அன்று ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணியாக வந்தவர்கள்மீது காவல்துறை நடத்திய தாக்குதலில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தனர். 2024இல் தோட்ட நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளர்களை வெளியேறச் சொன்னபோது, தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்களுக்கு அந்த மண்ணில் என்ன உரிமை என்ற கேள்வி எழுந்தது. லெனினின் ‘அரசும் புரட்சியும்’ நூலை இந்தக் கேள்வியோடு படியுங்கள்.

மாஞ்சோலையைப் பேசும்போது சாதியைப் பேசாமல் விட முடியாது, ஏனெனில் அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பாளர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். வர்க்கம் ஒன்றுபட்டால் சாதி தானே மறையும் என்று யாரேனும் சொன்னால், இத்தனை ஆண்டுகளாக ஏன் மறையவில்லை என்று வட்டம் அவரிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். இதற்கு ஓர் அமர்வு போதாது. மூன்று அல்லது நான்கு அமர்வுகள் ஒதுக்குங்கள்.

சோவியத் ஒன்றியம் 1991இல் வீழ்ந்ததே, பிறகும் எதற்கு இந்தப் படிப்பு என்று எவராவது கேட்பார். அவரை எதிரியாகக் கருத வேண்டாம். ரஷ்யப் புரட்சியை வரவேற்ற லக்சம்பர்க்கே, 1918இல் சிறையிலிருந்து எழுதியபோது, மாற்றுக் கருத்துடையோருக்கு இல்லாத சுதந்திரம் சுதந்திரமாகாது என்று, அந்தப் புரட்சியை நடத்திய லெனினின் கட்சியினரான போல்ஷிவிக்குகளை எச்சரித்தார். இயக்கத்துக்குள்ளிருந்து எழுந்த இந்த விமர்சனத்தை மறைக்காமல் படிக்கும் வட்டமே நிலைத்து நிற்கும்.

படிப்பிலிருந்து வேலைக்கு

உலகை விளக்குவதோடு நிற்காமல் மாற்ற வேண்டும் என்று மார்க்ஸ் 1845இல் எழுதியதை மேற்கோளாகச் சொல்லிவிட்டுக் கலைந்துவிடக் கூடாது. ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு வேலையை வட்டம் ஏற்க வேண்டும். பீடித் தொழிலாளர்களின் பாஸ் புத்தகங்களில் வேலை ஒழுங்காகப் பதிவாகிறதா, வைப்பு நிதி கட்டப்படுகிறதா என்று பார்ப்பது நல்ல தொடக்கம். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் உட்பட 29 மத்தியச் சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் எந்தப் பாதுகாப்பு தொடர்கிறது, எது நீர்த்துப்போயிற்று என்பதைச் சங்கத்தாரோடும் ஒரு வழக்கறிஞரோடும் அமர்ந்து பிரிவு பிரிவாகப் படியுங்கள். செயலித் தொழிலாளர் என்ற பிரிவு சட்டத்தில் இடம்பெற்றிருப்பதால், உணவு கொண்டு செல்லும் இளைஞர்களும் அந்த அமர்வுக்குத் தவறாமல் வர வேண்டும்.

நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தியபோது, உறுப்பினர்கள் தாமே ஆய்வு செய்து கட்டுரை எழுதி வந்து படித்தார்கள். 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழில் அத்தகைய உழைப்பு அச்சேறியது. உங்கள் வட்டத்திலும் ஒவ்வொருவரும் தம் தொழிலின் கூலி, வேலைநேரம், கடன், பிடித்தம் ஆகியவற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதட்டும். எழுதப் பழகாதவர் சொல்ல இன்னொருவர் எழுதலாம். அந்தக் கட்டுரைகளைத் தொகுத்துப் படியெடுத்து, பக்கத்து ஊரில் புதிதாகத் தொடங்கும் வட்டத்திடம் கொடுங்கள். அவர்கள் துண்டுக்கூலி அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன் அதைப் படிக்கட்டும்.