டிரெய்லர் விளக்கு வேலைக்கு வரும் தம்பிகளே, வெள்ளை வயரை விடாதீர்கள்

பெர்மிட், மெடிக்கல், கைரேகை, சேஃப்டி கோர்ஸ் எல்லாம் கம்பெனியே கூட்டிப்போய் முடித்துவிடும். சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரிஷியனாகச் சேருபவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு. லாரி இழுக்கிற ஜென்செட் (ஜெனரேட்டர்), டவர் லைட் (உயரக் கம்பத்து விளக்கு) டிரெய்லர்கள் சீக்கிரமே உங்கள் கைக்கு வரும்.

ஊரில் டிராக்டர் டிரெய்லருக்கு ஒரு வயரை இழுத்து, எர்த்தை, அதாவது கரண்ட் திரும்பும் வழியை, பாடியிலேயே விட்டுவிடுவோம். அந்தப் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். என் அறையில் இருந்த பட்டுக்கோட்டை அண்ணனிடம் வந்த டிரெய்லரில் யாரோ வெள்ளை வயரை, அதாவது எர்த் வயரை, வெட்டியிருந்தார்கள். மாற்றணும் என்று சொன்னார். "லைட்டு எரியுதுல்ல, அனுப்பு" என்றார் சூப்பர்வைசர். இரவு மழையில் எக்ஸ்பிரஸ்வேயில் பின்னால் வந்த லாரி இடித்தது. யாருக்கும் அடியில்லை, ஆனால் பழி முழுக்க அண்ணன் தலையில். வீட்டுக்குப் போன் பேசக்கூட மனமில்லாமல் படுத்திருந்தார். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நடந்தது இதுதான். வெள்ளை வயர் இல்லாவிட்டால் கரண்ட் லாரியையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கி வழியாகத்தான் திரும்பணும். கொக்கியிலோ கிரீஸ், பெயின்ட், துரு. வண்டி குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். தொடர்பு போன நேரத்தில் பிரேக் மிதித்தால் கரண்ட் இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கும். பிரேக் விளக்கு மங்கும், இண்டிகேட்டர் லேசாக எரியும். பின்னால் வருகிறவனுக்கு என்ன புரியும்?

12 வோல்ட் ஏழு பின் பிளக்கில் வழக்கமான நிறம்: மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், கறுப்பு இடது டெயில், பழுப்பு வலது டெயில், நீலம் பின்பக்க ஃபாக் (பனிமூட்ட விளக்கு), வெள்ளை எர்த். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள், டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொன்றையும் பாருங்கள். பெரிய லாரி 24 வோல்ட். அதில் 12 வோல்ட் பல்பு போட்டால் உடனே போய்விடும். எல்லா விளக்கின் கரண்டும் வெள்ளையில்தான் திரும்புகிறது, அதனால் அது மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கட்டும்.

முறுக்கி டேப் சுற்றுகிற ஜாயிண்ட் இந்த மழைக்கும் கடல் காற்றுக்கும் தாங்காது, செம்பு பச்சை பூத்துவிடும். கிரிம்ப் செய்து (ஜாயிண்டைக் கருவியால் அழுத்தி) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள்.

முடித்ததும் எல்லா விளக்கையும் போட்டு, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பின்விளக்கின் எர்த்துக்கும் லாரி பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ ஜாயிண்ட் சரியில்லை, தேடிப் பிடித்துச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் யார்டிலேயே லாரியை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பச் சொல்லி, கேபிள் இழுபடுகிறதா, தரையில் உரசுகிறதா என்று பாருங்கள்.

சூப்பர்வைசர் அவசரப்படுத்தினால் சண்டை வேண்டாம். வெட்டிய வயரைப் போட்டோ எடுத்து, "எர்த் இல்லை, மாற்றணும்" என்று அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அண்ணன் வாயால் மட்டும்தான் சொல்லியிருந்தார்.